புளூ காய்ச்சலுக்கு மூலிகைக் குடிநீர் எந்த அளவுக்குத் துணை?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பிடித்துக்கொண்டால் சம்பா வயலில் களையெடுப்பு, மேலுரமிடுதல், வடிகால் வெட்டுதல் என்று வேலைகள் வரிசையாக வந்து நிற்கும். தமிழ்நாட்டில் புளூ காய்ச்சல் அதிகமாகப் பரவுவதும் இந்தப் பருவத்தில்தான். வீட்டில் ஒருவர் படுத்தால் இரண்டு மூன்று நாட்களில் மற்றவர்களும் படுத்துவிடுகிறார்கள். கணவன் மனைவி இருவரும் ஒரு வாரம் படுத்துவிட்டால் சிறு விவசாயியின் வீட்டில் வயல் வேலை தடைப்படுகிறது. வெளியில் கிடைக்கும் கூலியும் போகிறது. வைத்தியச் செலவு வேறு சேர்ந்துகொள்கிறது.

இத்தகைய சமயத்தில் கிராமத்து மக்களுக்கு முதலில் கைகொடுப்பது வீட்டு வைத்தியமே. நிலவேம்புக் குடிநீர், ஆடாதோடைக் கசாயம், நொச்சியிலை ஆவி, சுக்கு, மிளகு என்று பல முறைகள் வழக்கத்தில் இருக்கின்றன. "இவையெல்லாம் வெறும் நம்பிக்கை" என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. "கசாயம் இருக்க ஆஸ்பத்திரி எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டு பேச்சுமே முழு உண்மையல்ல. மூலிகை எதற்கு உதவும், எந்த இடத்தில் அதன் வேலை முடிந்துவிடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பணமும் மிச்சமாகும், உயிருக்கும் ஆபத்து வராது.

சளி வேறு, புளூ வேறு

சாதாரணச் சளி மெல்ல மெல்ல வரும். மூக்கு ஒழுகும், தும்மல் வரும், தொண்டை கரகரக்கும். ஆனாலும் ஆள் நடமாடிக்கொண்டிருப்பார். புளூ அப்படியல்ல. காலையில் களை பறிக்கப் போனவர் மாலையில் குளிர் நடுக்கத்துடன் வீடு திரும்புவார். திடீரென்று காய்ச்சல், தலைவலி, அடித்துப் போட்டாற்போல உடம்பு வலி, வறட்டு இருமல், எழுந்திருக்க முடியாத அசதி ஆகியவை இதன் அறிகுறிகள். பெரும்பாலோருக்கு மூன்று முதல் ஐந்து நாட்களில் காய்ச்சல் தணிந்துவிடும். இருமலும் அசதியும் இரண்டு வாரம் வரை நீடிக்கலாம்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மழைக்காலத்தில் டெங்கு, மலேரியா, எலிக்காய்ச்சல் ஆகியவையும் வருகின்றன. தொடக்கத்தில் இவையும் காய்ச்சலும் உடம்பு வலியுமாகவே இருக்கும். எலிகளின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் வெறுங்காலுடன் வேலை செய்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வர வாய்ப்பு அதிகம். கண் சிவத்தல், கெண்டைக்கால் தசையில் கடும் வலி, சிறுநீர் குறைதல், கண்ணில் மஞ்சள் ஆகியவை அந்நோயைக் காட்டலாம். அதற்குத் தகுந்த மருந்து உண்டு. புளூதான் என்று நினைத்துக் கசாயத்தோடு நாட்களைக் கடத்தினால் சிறுநீரகமும் கல்லீரலும் கெட்டுவிடும். ஆகையால் காய்ச்சல் என்றவுடன் எல்லாவற்றையும் ஒரே காய்ச்சலாக எண்ணிவிடக் கூடாது.

நோய்க்குக் காரணம் என்ன?

வாழையில் முடிக்கொத்து நோயும் வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமலும் நச்சுயிரியால் வருகின்றன என்பது விவசாயிகளுக்குத் தெரியும். புளூ காய்ச்சலும் அப்படிப்பட்ட ஒரு நச்சுயிரியால் வருவதே. 1933-ம் ஆண்டு இங்கிலாந்தில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகிய விஞ்ஞானிகள் இதை முதன்முதலாக மனிதரிடமிருந்து பிரித்தெடுத்தார்கள். நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் வெளியாகும் நுண்துளிகள் வழியாக இது பரவுகிறது. காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே நோயாளி பிறருக்குப் பரப்பத் தொடங்கிவிடுகிறார்.

இந்த நச்சுயிரியின் தந்திரமே அது அடிக்கடி தன் மேலுறையை மாற்றிக்கொள்வதுதான். சென்ற ஆண்டு காய்ச்சலில் விழுந்து எழுந்தவர் இந்த ஆண்டும் விழுவது இதனால்தான். எப்போதாவது முற்றிலும் புதிய வடிவம் தோன்றினால் உலகம் முழுவதும் பரவுகிறது. 1918-ல் பம்பாய் வழியாக நுழைந்த புளூவால் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடப்பட்டுள்ளது. 1957-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் பயணிகள் மூலம் புதிய புளூ சென்னைக்கு வந்தது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இருந்த இன்புளுவென்சா மையம் அதை ஆராய்ந்தது. 1968-லும் 2009-லும் இவ்வாறே புதிய வடிவங்கள் பரவின. 2009-ல் வந்ததைத்தான் மக்கள் பன்றிக்காய்ச்சல் என்று அழைத்தார்கள். அந்த நச்சுயிரியின் வழிவந்தவை இப்போது ஆண்டுதோறும் வரும் சாதாரண புளூவில் ஒன்றாகிவிட்டன.

உடம்பு எப்படிப் போராடுகிறது?

மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்புறத்திலுள்ள உயிரணுக்களில் நச்சுயிரி நுழைகிறது. நுழைந்த சில மணி நேரத்திலேயே அந்த உயிரணுவைக் கொண்டே தன்னைப்போல் ஆயிரக்கணக்கில் பெருக்கிக்கொள்கிறது. தாக்கப்பட்ட உயிரணு சும்மா இருப்பதில்லை. தெருவில் ஒரு கூரை வீடு பற்றிக்கொண்டால் அந்த வீட்டுக்காரர் போடும் கூச்சலில் அக்கம்பக்கத்தார் விழித்துத் தங்கள் கூரைமேல் தண்ணீர் தெளித்துக்கொள்வார்கள் அல்லவா? அதுபோலவே தாக்கப்பட்ட உயிரணு ஒரு பொருளைச் சுரந்து பக்கத்து உயிரணுக்களை எச்சரிக்கிறது. அவை நச்சுயிரி பெருக முடியாதபடி தங்களைத் தயார்ப்படுத்திக்கொள்கின்றன. இப்பொருளுக்கு இன்டர்பெரான் என்று பெயர். லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இரு விஞ்ஞானிகள் 1957-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். கோழிமுட்டைக் கருவின் சவ்வில் புளூ நச்சுயிரியை வைத்துச் செய்த சோதனையில்தான் இது தெரியவந்தது.

காய்ச்சல், உடம்பு வலி, அசதி ஆகியவை பெரும்பாலும் இந்தப் போராட்டத்தின் அடையாளங்களே. உடம்புச் சூடு உயர்வதும் எதிர்ப்பு வேலைக்கு உதவுகிறது. முதல் சில நாட்கள் இந்த முதல் வரிசைப் பாதுகாப்பு நோயைத் தாக்குப்பிடிக்கிறது. அதற்குள் இரண்டாவது படை தயாராகிறது. வெள்ளையணுக்களில் ஒரு வகை, நச்சுயிரி புகுந்த உயிரணுக்களைத் தேடி அழிக்கிறது. இன்னொரு வகை எதிர்ப்பொருளைச் சுரக்கிறது. இப்படை முழு அளவில் களத்தில் இறங்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது. வந்த நச்சுயிரியின் அடையாளத்தை இது நினைவிலும் வைத்துக்கொள்கிறது. தடுப்பூசி செய்யும் வேலையும் இதுதான். நோய் வருமுன்பே இரண்டாவது படைக்கு அது பயிற்சி கொடுத்துவிடுகிறது.

எதிர்ப்புச் சக்தி கூடினால் போதுமா?

"நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று சொல்லிப் பல பொடிகளும் லேகியங்களும் விற்பனைக்கு வருகின்றன. எதிர்ப்புச் சக்தி எவ்வளவுக்குக் கூடுகிறதோ அவ்வளவுக்கு நல்லது என்பது பலருடைய எண்ணம். இது சரியல்ல.

நெல்லுக்குத் தழைச்சத்து தேவை. அதற்காக யூரியாவை அள்ளிக் கொட்டினால் பயிர் கருகருவென்று வளர்ந்து, புகையானுக்கும் குலைநோய்க்கும் இடம்கொடுத்து, கடைசியில் சாய்ந்துவிடும். உடம்பிலும் இப்படித்தான். புளூ கடுமையாகி நுரையீரலில் இறங்கியவர்களிடம் நடப்பதை ஆராய்ந்தபோது, நச்சுயிரி செய்யும் கேட்டுடன், கட்டுக்கு மீறிய எதிர்ப்பு வேலையும் சேர்ந்து நுரையீரலைக் கெடுப்பது தெரியவந்திருக்கிறது. எதிரியை விரட்ட வந்த படை பயிரையும் மிதித்துவிடுவது போன்றது இது. மூச்சுக் காற்று நிரம்ப வேண்டிய அறைகளில் நீர் நிரம்பி மூச்சுத்திணறல் ஏற்படுகிறது. பாதுகாப்பு வேலை உரிய நேரத்தில் தொடங்க வேண்டும். வேலை முடிந்ததும் அடங்கவும் வேண்டும். ஆகையால் எந்த மூலிகையையும் "சக்தியைக் கூட்டுமா?" என்று மட்டும் கேட்காமல், நோயாளியின் துன்பத்தைக் குறைக்கிறதா, நோயின் நாட்களைக் குறைக்கிறதா, யாருக்கு ஆகாது என்று கேட்பதே முறை.

சீனாவில் நடந்த சோதனை

வயலில் ஒரு புதிய உரம் பலன் தருமா என்று அறிய, உரமிட்ட பாத்தியோடு உரமிடாத பாத்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். மருந்துக்கும் இதே முறைதான். 2009-ல் புதிய புளூ பரவியபோது சீனாவின் 4 மாநிலங்களில் 11 மருத்துவமனைகளில் இப்படி ஒரு சோதனை நடந்தது. இதன் முடிவு 2011-ல் வெளிவந்தது. பரிசோதனைக்கூடத்தில் புளூ என்று உறுதி செய்யப்பட்ட 410 பேர் நான்கு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு இந்த மருந்துகள் எதுவும் இல்லை. இரண்டாவது பிரிவுக்கு ஓசெல்டாமிவிர் என்ற புளூ மாத்திரை. மூன்றாவது பிரிவுக்கு 12 சரக்குகள் சேர்ந்த சீனக் கசாயம். நான்காவது பிரிவுக்கு இரண்டும் கொடுக்கப்பட்டன.

மருந்தில்லாத பிரிவில் காய்ச்சல் இறங்க நடுத்தரமாக 26 மணி நேரம் ஆயிற்று. மாத்திரைப் பிரிவில் 20 மணி நேரம், கசாயப் பிரிவில் 16 மணி நேரம், இரண்டும் கொடுத்த பிரிவில் 15 மணி நேரம்.

கசாயத்தால் பலன் உண்டு என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் இதை முழுமையாகப் படிக்க வேண்டும். இவர்கள் 15 முதல் 59 வயதுக்கு உட்பட்டவர்கள், பெரும்பாலும் இளைஞர்கள். நோயும் கடுமையானதல்ல. முதியோர், கைக்குழந்தைகள் ஆகியோர் இதில் இல்லை. அளவறிந்து தயாரித்த கசாயம் மருத்துவர்களின் கண்காணிப்பில் கொடுக்கப்பட்டது. தான் குடிப்பது என்ன மருந்து என்பது நோயாளிக்குத் தெரிந்தே இருந்தது. கிடைத்த ஆதாயமும் காய்ச்சல் சில மணி நேரம் முன்னதாக இறங்கியது என்பதே. இந்தச் சோதனையைக் காட்டி, மூச்சுத்திணறும் பெரியவருக்குக் கசாயமே போதும் என்று யாரும் சொல்ல முடியாது. மேலும் அது அந்தக் குறிப்பிட்ட கசாயத்தின் பலன். வேறு இலையையும் வேரையும் போட்டுக் காய்ச்சினாலும் அதே பலன் வரும் என்பதற்கில்லை.

அன்னாசிப்பூவும் மாத்திரையும்

மேற்சொன்ன ஓசெல்டாமிவிர் மாத்திரையின் கதையும் ஒரு மூலிகையிலிருந்தே தொடங்குகிறது. பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூ தென்சீனத்திலும் வியட்நாமிலும் விளைகிறது. அதில் ஷிகிமிக் அமிலம் என்ற பொருள் நிறைய இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்துப் பல இரசாயன மாற்றங்கள் செய்து இந்த மாத்திரை தயாரிக்கப்பட்டது. பின்னர் நுண்ணுயிர்களைக் கொண்டும் இந்த அமிலத்தைத் தயாரிக்கக் கற்றுக்கொண்டார்கள். புதிதாகப் பிறந்த நச்சுயிரிகள் உயிரணுவை விட்டுப் பிரிந்து போகவிடாமல் இம்மாத்திரை தடுக்கிறது. காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம்.

2005-ல் பறவைக் காய்ச்சல் அச்சம் பரவியபோது, அன்னாசிப்பூவைக் கொதிக்கவைத்துக் குடித்தாலே புளூ வராது என்று பலரும் நம்பத் தொடங்கினார்கள். அது தவறு. அன்னாசிப்பூவில் இந்த மாத்திரை இல்லை. அதற்கான மூலப்பொருள்தான் இருக்கிறது. கரும்புக் கட்டையைக் கடித்துவிட்டுச் சர்க்கரை மூட்டை கிடைத்துவிட்டது என்று நினைப்பது போன்றது இது. அன்னாசிப்பூவைப் போலவே தோற்றமளிக்கும் ஜப்பானிய இனம் ஒன்று உண்டு. அது நஞ்சுள்ளது. பெயரும் உருவமும் ஒத்திருப்பதால் மட்டும் ஒன்றை மருந்தாகக் கொள்ளக் கூடாது என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

நம் வீட்டு மூலிகைகள்

நிலவேம்பு: ஊருக்கு ஊர் சிறியாநங்கை என்றும் அழைக்கிறார்கள். இதன் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராபோலைடு என்ற பொருள் வீக்கத்தையும் அழற்சியையும் குறைப்பது ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. சுவீடன் முதலிய நாடுகளில் சளி, தொண்டை வலி உள்ளவர்களுக்கு இதன் சாறைக் கொடுத்துப் பார்த்தபோது துன்பம் ஓரளவு விரைவில் குறைந்தது. ஆனால் இவற்றில் பல சிறிய ஆய்வுகள். சித்த மருத்துவத்தில் சொல்லப்படும் நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு மட்டும் இல்லை. வெட்டிவேர், விளாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் ஆகியவையும் சேர்ந்து ஒன்பது சரக்குகள். 2012-ல் டெங்கு பரவியபோது தமிழ்நாட்டில் இது பரவலாக வழங்கப்பட்டது.

ஆடாதோடை: ஆடு தொடாத இந்த இலையில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. கட்டிச்சளியை இளக்கி வெளியேற்றும் புரோம்ஹெக்சின் என்ற ஆங்கில மருந்து இப்பொருளைப் பின்பற்றி உருவாக்கப்பட்டதே. ஆகவே இருமலுக்கு ஆடாதோடை கொடுத்த பழக்கம் காரணமில்லாமல் வந்ததல்ல. இது சளிக்கு உதவும். புளூ நச்சுயிரியைக் கொல்லும் என்று எண்ணக் கூடாது.

நொச்சி, துளசி, கற்பூரவல்லி: நொச்சியிலை ஆவி பிடித்தால் மூக்கடைப்பும் தலைபாரமும் குறைந்து நோயாளிக்கு இதமாக இருக்கும். துளசி, கற்பூரவல்லி, இஞ்சி சேர்த்த வெந்நீர் தொண்டைக்கு நல்லது, உடம்பில் நீர் வற்றாமலும் காக்கும். குழந்தைகளுக்குக் கொதிநீர்ப் பாத்திரத்தை வைத்து ஆவி பிடிக்கக் கூடாது. பாத்திரம் சாய்ந்து வெந்துபோகும் விபத்து நேரும்.

குடிநீர்ப் பொடியை அளந்த தண்ணீரில் இட்டு நான்கில் ஒரு பங்காக வற்றவைத்து வடிகட்டி, அவ்வப்போது தயாரித்துச் சூடு ஆறியதும் குடிக்க வேண்டும். நேற்றுக் காய்ச்சியதை இன்று குடிக்கக் கூடாது. வயதுக்கும் உடல்நிலைக்கும் தக்க அளவைச் சித்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது.

யாருக்கு ஆகாது?

மூலிகையால் கெடுதல் இல்லை என்பது தவறான எண்ணம். வேலை செய்யும் பொருள் எதுவும் அளவு மீறினால் கெடுதலும் செய்யும்.

1. கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடையும் நிலவேம்பும் மருத்துவரைக் கேளாமல் கொடுக்கக் கூடாது. ஆடாதோடைக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் குணம் உண்டு.

2. இருமலுக்கு அதிமதுரம் நல்லதுதான். ஆனால் நாள் கணக்கில் அதிகமாகச் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும். இரத்த அழுத்தம், இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

3. சர்க்கரை நோய்க்கும் இரத்தம் உறையாமலிருக்கவும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கசாயம் குடிப்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

4. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் விதை, குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும்.

5. காய்ச்சலுள்ள குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் கோளாறு வரலாம். பாராசிட்டமால் மாத்திரையையும் வயதுக்கும் எடைக்கும் தக்க அளவில்தான் கொடுக்க வேண்டும்.

6. புளூவுக்கு ஆன்டிபயாட்டிக் மருந்து வேலை செய்யாது. மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கிப் போடுவது வீண் செலவு. சளியில் பாக்டீரியா சேர்ந்திருக்கிறதா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். படிக்காத வைத்தியரிடம் ஒரே ஊசியில் காய்ச்சலை இறக்கிக்கொள்வதும் ஆபத்து.

மூன்றாம் நாள் கவனம்

நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கு ஓய்வு, நிறையக் கஞ்சி, வெந்நீர், மேற்சொன்ன வீட்டு முறைகள் ஆகியவை பெரும்பாலும் போதும். ஆனால் 65 வயதைக் கடந்தவர்கள், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா, சர்க்கரை, இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஆகியோர் காய்ச்சல் கண்ட முதல் நாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும். 48 மணி நேரக் கெடு இவர்களுக்கே மிகவும் முக்கியம். கசாயம் குடித்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இவர்கள் காத்திருந்தால் மாத்திரையால் அதிகப் பலன் கிடைக்கக்கூடிய நேரம் கடந்துவிடும்.

மற்றவர்களுக்கும் மூன்றாம் நாள் ஒரு கணக்கு இருக்கட்டும். மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்காவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காய்ச்சல் விட்டு ஓரிரு நாள் கழித்து மறுபடியும் ஏறி, இருமலும் கூடினால் நிமோனியா தொடங்கியிருக்கலாம். கீழ்க்கண்ட அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் நாள் எண்ணிக்கொண்டிராமல், இரவானாலும் 108 வண்டியை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மூச்சுவாங்குதல், நெஞ்சு வலி, உதடு நீலம் பாரித்தல், பிதற்றுதல் அல்லது மயக்கம், தண்ணீர்கூடக் குடிக்க முடியாமை, சிறுநீர் மிகக் குறைதல் ஆகியவை பெரியவர்களிடம் காணும் அபாயக் குறிகள். குழந்தைகளிடம் மூச்சை எண்ணிப் பார்த்தே தாய்மார்கள் அறியலாம். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆபத்து. மூச்சு இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலும் தாமதிக்கக் கூடாது.

வீட்டுக் கொல்லையில் மூலிகைப் பாத்தி

கடையில் வாங்கும் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிவதில்லை. தேவையான சில செடிகளை வீட்டிலேயே வளர்ப்பது நல்லது. பத்தடிக்குப் பத்தடி பாத்தி ஒன்று போதும்.

நிலவேம்பு விதை மிகவும் சிறியது. மணலுடன் கலந்து நாற்றங்காலில் தூவி, மெல்லிய மண்ணால் மூடிப் பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். நாற்று ஒன்றரை மாதத்தில் தயாராகும். ஆனி, ஆடியில் வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 15 செ.மீ. விட்டு நடலாம். இந்தப் பாத்தியில் சுமார் 200 செடிகள் நிற்கும். தண்ணீர் தேங்கக் கூடாது. நட்ட 90 முதல் 120 நாட்களில் பூக்கத் தொடங்கும்போது அறுத்துவிட வேண்டும். மருந்துச் சத்து அப்போதுதான் மிகுதியாக இருக்கும். அதற்குமேல் விட்டால் இலை உதிர்ந்து சத்தும் குறையும்.

ஆடாதோடையும் நொச்சியும் குச்சி நட்டாலே வரும். வேலியோரத்தில் வரிசையாக நட்டால் உயிர்வேலியாகவும் பயன்படும். கற்பூரவல்லியைக் கிணற்றடியில் தண்டு கிள்ளி ஊன்றலாம். துளசிக்கு நல்ல வெயில் வேண்டும்.

அறுத்த மூலிகையைச் சுத்தமான பாயில் பரப்பி நிழலில் காயவைக்க வேண்டும். கையால் நொறுக்கினால் சலசலவென்று பொடியாகும் பதத்தில் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, அறுத்த மாதத்தை எழுதி வைக்க வேண்டும். பூசணம் பிடித்ததை எறிந்துவிட வேண்டும். பூச்சிமருந்து அடித்த வயல்களின் வரப்பிலிருந்தும், பருத்தி, கத்தரி வயல்களை ஒட்டிய இடங்களிலிருந்தும் மூலிகை பறிக்கவே கூடாது. நோய்க்குக் காய்ச்சும் குடிநீரில் பூச்சிமருந்தும் சேர்ந்து வந்துவிடும். செடியின் பெயரில் சந்தேகம் இருந்தால் விவரம் அறிந்தவரிடம் காட்டி உறுதி செய்துகொண்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

கோழிகள் திடீரென்று இறந்தால்

புளூ நச்சுயிரியின் இயற்கையான இருப்பிடம் நீர்ப்பறவைகள். அங்கிருந்து வாத்துக்கும் கோழிக்கும் வரும் வகைதான் பறவைக் காய்ச்சல். இந்தியாவில் கோழிகளிடம் இது முதன்முதலாக 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலம் நவாப்பூரில் கண்டறியப்பட்டது. மனிதருக்கு இது அரிதாகவே தொற்றுகிறது. ஆனால் எச்5என்1 என்னும் வகை தொற்றியதாகக் கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள்.

ஆகையால் கோழிகளோ வாத்துகளோ ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தால், மஞ்சளும் மிளகும் பூண்டும் அரைத்துக் கொடுத்து நாள் கடத்துவதற்கான நேரம் அதுவல்ல. வெள்ளைக்கழிச்சலும் இப்படித்தான் தோன்றும். எந்த நோய் என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். இறந்த பறவைகளை வெறுங்கையால் தொடவோ, அறுக்கவோ, வாய்க்காலில் எறியவோ கூடாது. மிஞ்சியவற்றை அவசரமாகச் சந்தைக்கு ஓட்டிச் சென்று விற்பதும் கூடாது. அப்படி விற்றால் நோய் அடுத்த ஊருக்கும் போகும். உடனே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் தர வேண்டும். பறவைகளைக் கையாண்டவருக்குப் பத்து நாட்களுக்குள் காய்ச்சல் வந்தால் அந்த விவரத்தை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

வருமுன் காப்பு

நச்சுயிரி நோய் கண்ட வெண்டைச் செடியைக் குணமாக்க மருந்து தேடுவதைவிட, நோயைப் பரப்பும் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவதே பலன் தருகிறது. புளூவிலும் பரவும் வழியை அடைப்பதே முதல் வேலை. நோயாளியைக் காற்றோட்டமான இடத்தில் தனியே படுக்கவைக்க வேண்டும். இருமும்போது துண்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருந்து கவனிப்பவர் முகக்கவசம் அணிவது நல்லது. சோப்புப் போட்டு அடிக்கடி கை கழுவ வேண்டும். காய்ச்சலோடு நடவு ஆட்களுடன் ஒரே வண்டியில் நெருக்கி உட்கார்ந்து வேலைக்குப் போனால் இரண்டு நாளில் அந்த நடவுக் கூட்டமே படுத்துவிடும்.

புளூவுக்குத் தடுப்பூசி இருக்கிறது. நச்சுயிரி மேலுறையை மாற்றிக்கொள்வதால் ஆண்டுதோறும் புதிதாகத் தயாரிக்கப்படுகிறது, ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளவும் வேண்டும். நோயை நூற்றுக்கு நூறு தடுக்காவிட்டாலும் கடுமையாகாமலும் உயிரிழப்பு நேராமலும் பெரிதும் காக்கிறது. போட்டுக்கொண்ட பின் பாதுகாப்பு ஏற்பட இரண்டு வாரம் ஆகுமாதலால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியிலேயே போட்டுக்கொள்வது நல்லது. முதியவர்கள், கர்ப்பிணிகள், நாட்பட்ட நோயுள்ளவர்கள், கோழிப்பண்ணையில் வேலை செய்பவர்கள் ஆகியோர் இதுபற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மூலிகைக் குடிநீர் இருமலை ஆற்றி, உடம்பு வலியைத் தணித்து, உடம்பு தன் வேலையைச் செய்துமுடிக்கும் வரை நோயாளிக்குத் துணை நிற்கிறது. அந்த அளவில் அது நம் முன்னோர் விட்டுச்சென்ற நல்ல உதவிதான். தடுப்பூசி செய்யும் வேலையையும் மருத்துவமனை செய்யும் வேலையையும் அதன் தலையில் சுமத்தக் கூடாது. கொல்லையில் ஒரு மூலிகைப் பாத்தி போடுவதோடு, ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொலைபேசி எண்ணையும், 108 என்ற எண்ணையும், குழந்தையின் மூச்சுக் கணக்கையும் எல்லோர் கண்ணிலும் படும்படி வீட்டுச் சுவரில் எழுதி வைப்பது நல்லது. மழை தொடங்குமுன் இந்த ஏற்பாடுகளைச் செய்துகொண்டால் குடும்பத்தையும் காக்கலாம், சம்பாவையும் காலத்தில் கரை சேர்க்கலாம்.